வளைகுடா வேலை: விமானம் ஏறும் முன் போட வேண்டிய கணக்கு

மாதம் இவ்வளவு சம்பளம், தங்குமிடம் இலவசம் என்று ஏஜென்ட் சொன்னதும், பல வீடுகளில் பேச்சு நேராகப் பணத்துக்குத் தாவிவிடுகிறது. நகை அடகுக்குப் போகிறது. மிச்சத்துக்கு வட்டிக்காரரிடம் கை நீட்டுகிறார்கள். அந்தக் கடன்தான் வெளிநாட்டு வேலையின் லாப நட்டத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

கடன் எவ்வளவு விழுங்கும்?

ஒன்றரை லட்சம் ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். முதல் மாத வட்டி மட்டும் 4,500 ரூபாய். அங்கே செலவு போக மாதம் 18,000 மிஞ்சினால், அசலும் வட்டியும் அடைய சுமார் பத்து மாதம் ஆகும். இரண்டாண்டு ஒப்பந்தத்தில் மீதமுள்ள 14 மாதங்களில் சேர்வது ஏறத்தாழ இரண்டரை லட்சம். ஊரிலேயே மாதம் 8,000 மிச்சம் பிடிக்கக்கூடியவர் அதே இரண்டாண்டில் 1,92,000 சேர்த்திருப்பார். வித்தியாசம் அறுபதாயிரம்தான். குடும்பத்தைப் பிரிந்திருக்கும் இரண்டாண்டுக்கு இது போதுமா என்பதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

எவ்வளவு வாங்கலாம்?

வெளியுறவு அமைச்சகத்தில் பதிவுபெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் வாங்கலாம். மொத்தம் 35,400. ரசீது கட்டாயம் கேளுங்கள். ஏஜென்ட்டின் பதிவு எண் உண்மையா என்பதை அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துவிடலாம். ஊர் ஊராக ஆள் பிடிக்கும் துணை ஏஜென்ட்டுகளுக்குச் சட்டத்தில் இடமில்லை. தமிழக அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரிக்கலாம்.

என்ன விசா?

“விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்” என்ற பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். விசிட் விசாவில் வேலை செய்வது குற்றம். சம்பளம் தராமல் ஏமாற்றினாலும் துணிந்து புகார் கொடுக்க முடியாது. பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குப் பொதுவாக இசிஆர் வகை பாஸ்போர்ட் தரப்படுகிறது. அதை வைத்திருப்பவர், வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். இதற்காகவே எடுக்கும் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டில், விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் வரை உண்டு. இரண்டாண்டுக்குப் பிரீமியம் 275 ரூபாய். விசிட் விசாவில் கிளம்புகிறவர் இந்தப் பாதுகாப்பு முழுவதையும் இழக்கிறார்.

ஒப்பந்தத்தில் எதைப் பார்ப்பது?

மொத்தச் சம்பளத்தைவிட அடிப்படைச் சம்பளத்தைக் கவனியுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஓராண்டு முடித்த தொழிலாளிக்கு, முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகச் சேரும். மாதம் 1,500 திர்ஹம் என்று சொல்லிவிட்டு அடிப்படையை 800 என்று எழுதியிருந்தால், பணிக்கொடை 800-ஐ வைத்தே கணக்காகும். வேலை நேரம், ஓவர்டைம், சாப்பாடு, திரும்பி வர டிக்கெட் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

எப்போது சரி சொல்லலாம்?

பதிவுபெற்ற ஏஜென்ட், வேலை விசா, கையெழுத்தான ஒப்பந்தம், ஆறு மாதத்துக்குள் அடைக்கக்கூடிய கடன்: இவை நான்கும் கூடிவந்தால் தயங்காமல் போகலாம். நான்காவதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முதலாளி சரியில்லை என்றால் கடனில்லாதவர் அடுத்த மாதமே ஊர் திரும்பலாம். கடன்பட்டவர் எல்லாவற்றையும் சகித்துக்கொண்டு அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.