நேரடி விமானமா, நடுவில் இறங்கி மாறுவதா?

வெளிநாடு போக டிக்கெட் தேடுபவர்கள் முதலில் விலையைப் பார்க்கிறார்கள். அடுத்து, நேரடி விமானமா, நடுவில் இறங்கி மாற வேண்டுமா என்று பார்க்கிறார்கள். நேரடி என்றால் உசத்தி, மாறிப் போவது காசை மிச்சம் பிடிக்க என்பது பொதுவான எண்ணம். இயற்பியலும் மருத்துவமும் இதை முழுக்க ஒப்புக்கொள்வதில்லை. எத்தனை முறை இறங்குகிறோம் என்பதைவிட, மொத்தத் தூரம் எவ்வளவு, இறங்கும் ஊர் வழியில் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கே மதிப்பு அதிகம்.

முதலில் தூரம். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நிற்காமல் போகும் விமானம் சுமார் 15,300 கிலோமீட்டரை 18 மணி நேரத்துக்கும் மேல் பறந்து கடக்கிறது. இதற்கென்றே உருவான ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் ரகத்தின் தொட்டிகள் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். அதன் எடை ஏறக்குறைய 130 டன். புறப்படும்போது விமானத்தின் மொத்த எடை 280 டன்னைத் தாண்டக் கூடாது என்னும்போது, தொட்டி நிரம்பினால் கிட்டத்தட்ட பாதி எடை எரிபொருள்தான். கடைசி ஒரு மணி நேரத்தில் எரியப்போவதையும் அதற்கு முந்தைய மணி நேரமெல்லாம் சுமந்தே ஆக வேண்டும். கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு டன்னுக்கும், மணிக்கு அதில் மூன்று நான்கு சதவீத அளவு எரிபொருள் அதைச் சுமப்பதற்கே செலவாகும் என்பது விமானத் துறையில் வழங்கும் கணக்கு. இந்த விமானத்தில் 161 இருக்கைகள் மட்டுமே இருப்பதும், எகானமி வகுப்பே இல்லாததும் இந்த எடைக் கணக்கால்தான். நான்கு என்ஜின் கொண்ட ஏ340-500 விமானங்களை வைத்து 2004இல் தொடங்கிய இந்த நெடுந்தூரச் சேவையை, எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2013இல் நிறுத்தியது. இரண்டே என்ஜினில் ஓடும் ஏ350 வந்த பிறகு 2018இல்தான் மீண்டும் தொடங்க முடிந்தது.

அப்படியானால் நடுவில் இறங்கி எரிபொருள் நிரப்பினால் எப்போதும் மிச்சமா? இல்லை. மேலேறும்போதுதான் விமானம் எரிபொருளை அள்ளிக் குடிக்கிறது. இரண்டாவது முறை ஏறுவதற்கான செலவை ஈடுகட்டும் அளவுக்குப் பயணம் நீளமாக இருக்க வேண்டும். இறங்கும் இடமும் பாதைக்கு அருகில், நடுவாக்கில் அமைய வேண்டும். சென்னையிலிருந்து நியூயார்க் மிகக் குறுகிய பாதையில் சுமார் 13,480 கிலோமீட்டர். பிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் 13,800க்குள் முடிந்துவிடும்; துபாய் வழியாக 13,950. சிங்கப்பூர் போய் அந்தப் புகழ்பெற்ற நேரடி விமானத்தைப் பிடித்தாலோ 18,200க்கு மேல். மூன்றுமே டிக்கெட்டில் ‘ஒரு நிறுத்தம்’தான், ஆனால் கடைசி வழியில் கால் பங்குக்கும் அதிகமான தூரம் வீண். சென்னை–லண்டன் கதை வேறு. 8,200 கிலோமீட்டர், பத்துப் பதினோரு மணி நேரம். இதைத் துபாயில் இரண்டாக வெட்டினால் எடை குறைவதால் வரும் லாபத்தை மறுபடி மேலேறும் செலவு பெரும்பாலும் விழுங்கிவிடும்.

நடுவில் இறங்கி நடந்தால் கால்களில் ரத்தம் உறையாதே என்று கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் இந்த ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது. அப்போதும் அது 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவுதான். குறுகிய காலத்தில் அடுத்தடுத்துப் பல விமானங்களில் போவதும் ஆபத்தைக் கூட்டும் என்று அதே ஆய்வு சொல்கிறது. ஆகவே இறங்கி மாறுவதை மருந்தாக நினைக்க வேண்டாம். இருக்கையை விட்டு அவ்வப்போது எழுந்து நடப்பதும் கெண்டைக்கால் தசைகளை அசைப்பதும்தான் உதவும். விபத்துகள் ஏறும்போதும் இறங்கும்போதும்தானே அதிகம் என்ற அச்சத்திலும் உண்மை உண்டு. ஆனால் உயிர்ச்சேத விபத்து பத்து லட்சம் பயணங்களுக்கு ஒன்றுக்கும் குறைவு என்பதால், கூடுதலாக ஒருமுறை இறங்குவது முடிவை மாற்றும் காரணம் ஆகாது. உடல் அலுப்பில் விமானத்தின் ரகத்துக்கும் பங்கு உண்டு. பழைய ரகங்களில் உள்ளே காற்றழுத்தம் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதுபோல, ஊட்டியைவிடச் சற்று உயரத்தில் இருப்பதுபோலக் குறையலாம். ஏ350, போயிங் 787 ரகங்களில் அது 1,800 மீட்டர் அளவோடு நிற்கும்.

நேரடி விமானத்தின் உண்மையான பலம், இணைப்பு விமானம் தவறிவிடும் என்ற பயம் இல்லாததுதான். அதுவும் முழு உத்தரவாதம் அல்ல. பாகிஸ்தான் 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியதும், டெல்லிக்கும் வட அமெரிக்காவுக்கும் இடையே நிற்காமல் பறந்த சில ஏர் இந்தியா விமானங்கள் சுற்றிப்போக நேர்ந்து வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்பின. மாறிப் போகிறவர்கள் முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினாலும் மாற்று விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் நஷ்டம் நம் தலையில்.

லண்டன் தூரம் வரை, கட்டுப்படியானால் நேரடியாகவே போங்கள். அமெரிக்கா தூரம் என்றால் ஒருமுறை இறங்குவதைக் குறையாக எண்ண வேண்டாம். வழியிலுள்ள ஊராகப் பார்த்து, ஒரே டிக்கெட்டில், மூன்று மணி நேரமாவது இடைவெளி விட்டு மாறுங்கள்.