மூலம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்!

“மூலத்துக்கு லேகியம் கொடுங்க டாக்டர்!” தண்டலத்தில் என்னிடம் வருகிற பலர் உட்காரும் முன்பே சொல்வது இது. ரத்தம் போனாலே மூலம்தானா? பெருங்குடல் புற்றிலும் ரத்தம் கசியும்.

சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் மலமும் ஒன்று. நிறம், நுரை, இறுகல், இளகல் பார்ப்போம். கண்ணுக்கே தெரியாத ரத்தத்தை எப்படிப் பார்ப்பது? அதற்குத்தான் லேபில் மலப் பரிசோதனை. சிறிதளவு மலம் போதும், வலி இல்லை. ‘ஃபிட்’ என்கிற முறைக்குப் பத்தியமும் வேண்டாம். பழைய முறையில் வருடாவருடம் செய்தே இந்நோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததை அமெரிக்காவின் மின்னசோட்டா ஆய்வு 1993-ல் காட்டியது.

தொந்தரவே இல்லாவிட்டாலும் 45 வயதுக்கு மேல் வருடம் ஒருமுறை செய்துகொள்ளுங்கள். ஒருதரம் ‘இல்லை’ என்று வந்தால் ஆயுசுக்கும் இல்லை என்று அர்த்தமல்ல. ‘ரத்தம் உண்டு’ என்று வந்தால் பதறாதீர்கள், மூலமாகவும் இருக்கலாம். ஆனால் கொலனோஸ்கோப்பி செய்து பார்த்தே தீரவேண்டும். புற்றாக மாறக்கூடிய சதைக்கட்டி இருந்தால் அப்போதே எடுத்துவிடலாம்.

ஏற்கெனவே ரத்தம் போகிறதா? காரணமில்லாமல் ரத்தசோகை, எடைக்குறைவு, மலப்போக்கில் மாற்றம்? குடும்பத்தில் யாருக்காவது இந்நோயா? மலப் பரிசோதனையோடு நிற்காமல் நேரே குடல் நிபுணரிடம் போங்கள். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனையே இருக்கிறது.

லேகியம் எங்கேயும் ஓடிவிடாது. அதை அப்புறம் சாப்பிட்டுக்கொள்ளலாம்!