டீசலுக்கு ஒரு நீர்பாய்ச்சி

பிளவக்கல் அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் எங்கள் பக்கம் நீர்பாய்ச்சி மண்வெட்டியோடு வந்து நிற்பார். எந்த வயலுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் மடையைத் திறப்பார். லாரி என்ஜினுக்குள் அந்த வேலையைப் பார்ப்பதுதான் இ.சி.யூ. என்னும் எலெக்ட்ரானிக் கண்ட்ரோல் யூனிட்.

பழைய லாரிகளில் இன்லைன் பம்பும் கவர்னரும் இதைச் செய்தன. பம்ப் என்ஜினோடு சேர்ந்து சுற்றுவதால், என்ஜின் வேகம் குறைந்தால் பிரஷரும் குறையும். புளியரை ஏற்றத்தில் லோடு வண்டி திணறும்போது டீசல் சரியாகத் தூளாகாது. அரைகுறையாக எரிந்து கரும்புகையாய்ப் போகும். புகையாய்ப் போவது முதலாளி காசு!

காமன் ரெயில் முறையில் ஒரே பொதுக்குழாயில் டீசல் எப்போதும் உயர் அழுத்தத்தில் தயாராக நிற்கும். 1600 பார் எல்லாம் இதில் சாதாரணம். லாரி டயரில் இருப்பதே சுமார் 8 பார்தான், யோசித்துப் பாருங்கள். ஆக்சிலரேட்டர், கிராங்க் ஷாஃப்ட், டர்போ காற்று, கூலன்ட் சூடு என ஒவ்வொன்றிலும் சென்சார். அவை சொல்வதை வைத்து, எந்த நொடியில் எவ்வளவு டீசல் என்று இ.சி.யூ. இன்ஜெக்டருக்கு உத்தரவு போடும். நாடு முழுக்க 2017 ஏப்ரலில் பி.எஸ்.-4, 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்தன. இவை மைலேஜுக்காக அல்ல, புகைக்காக வந்த விதிகள். ஆனால் அவற்றால்தான் இ.சி.யூ. எல்லா லாரிக்கும் வந்து சேர்ந்தது.

என் அப்பா லாரி டிரைவர். ராஜபாளையத்தில் மாங்காய் ஏற்றிப் புனலூர் போவார். ஆரியங்காவு தாண்டி இறக்கம் வந்தால் நியூட்ரலில் விடுவார், டீசல் மிச்சமாம். உண்மை தலைகீழ். கியரில் வைத்துக் காலை எடுத்தால் சக்கரமே என்ஜினைச் சுற்றும், இ.சி.யூ. இன்ஜெக்டரை மூடிவிடும், டீசல் பூஜ்யம். நியூட்ரலில் விட்டாலோ என்ஜின் அணையாமலிருக்க டீசல் ஊற்றியே ஆக வேண்டும். என்ஜின் இழுத்துப் பிடிப்பதும் போய், முழுப் பாரமும் பிரேக் டிரம்மில் விழும். சூடேறிய டிரம் பிடிக்காமல் போனால் அந்த வளைவுகளில் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

சொன்னேன். "முப்பது வருசமா ஓட்டுறேன், நீ புஸ்தகத்தப் பாத்து எனக்குச் சொல்றியா?" என்றார்.

அடுத்த டிரிப்பில் நானும் ஏறினேன். புளியங்குடி தாண்டி, ஆளில்லாத நேர் ரோட்டில், டேஷ்போர்டில் டீசல் செலவு காட்டும் இடத்தைப் பார்க்கச் சொன்னேன். கியரில் காலை எடுத்தார்: 0. நியூட்ரல் போட்டார்: எண் ஏறியது. இன்னொரு தடவை செய்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. ஆரியங்காவு வந்ததும் மூன்றாவது கியரைப் போட்டு, அப்படியே இறக்கினார்.