தடையே காவலான திரைப்படம்

மௌனப் படக் காலத்தில் உறவினர் இருவர் தென்னாட்டில் இரு படங்களைத் தயாரித்தனர். ஒன்று அழிந்தது, மற்றொன்று எஞ்சியது.

அழிந்தது, அகத்தீசுவரத்தில் பிறந்த ஜே. சி. டேனியல் எடுத்த ‘விகதகுமாரன்’. மலையாளத் திரையுலகின் முதற்படம். இலங்கைக்குக் கடத்தப்பட்ட திருவிதாங்கூர்ச் சிறுவன் தோட்டத் தொழிலாளியாக வளர்ந்து, துரையின் அன்புக்குரியவனாகி, தானும் தோட்டத்துரையாக உயர்வதே அதன் கதை. நுவரெலியா, ஹட்டன் மலைகளில் தென்னாட்டார் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த காலத்தில் எழுந்த அப்படத்தின் பிரதி ஒன்றேனும் இன்றில்லை.

எஞ்சியது, சி. வி. இராமன் பிள்ளை 1891 இல் வெளியிட்ட ‘மார்த்தாண்ட வர்மா’ என்னும் நாவலைத் தழுவியது. திருவிதாங்கூர் இளவரசர் அரியணைப் பகைவரான பத்மநாபன் தம்பியையும் எட்டுவீட்டுப் பிள்ளைமாரையும் எதிர்கொண்ட வரலாற்றை அந்நாவல் புனைந்துரைக்கிறது. நாகர்கோவில் ஆர். சுந்தரராஜ் தயாரிக்க, பி. வி. ராவ் இயக்கிய இப்படம் 1933 இல் திருவனந்தபுரத்தில் திரையேறிற்று. ஆயின், நாவலின் பதிப்புரிமை கமலாலயம் புத்தகசாலைக்கு உரியது. அதன் இசைவு பெறப்படவில்லை. வழக்கு எழுந்தது, படம் முடக்கப்பட்டது, தயாரிப்பாளர் பெருநட்டமுற்றார்.

எனினும், மக்கள் பார்வையினின்று மறைத்த தடையே பிரதிக்குக் காவலாயிற்று. 1974 இல் இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அப்புத்தகசாலையிடமிருந்து அதனைப் பெற்றது.

ஒரு படத்தைக் காத்தது அறிவன்று, தற்செயலே. மலையகத்து லயங்களில் கிடக்கும் பழைய நிழற்படங்களும் துண்டுகளும் செக்ரோல் ஏடுகளும் அத்தகைய தற்செயலை நம்பியிருத்தல் தகாது. அவற்றைத் தேடித் தொகுத்து நூலகங்களிற் சேர்த்தல் கற்றோர் கடனாகும்.