பேறுகால அறையின் தமிழும் மருத்துவச்சிப் பயிற்சியும்

நூலறிவு கைத்திறனாக மாறும் இடம் மருத்துவமனை. மருத்துவச்சிப் பணி பயில்வோர், பட்டறிவு மிக்க ஒருவரின் மேற்பார்வையில், நோவுற்ற தாயின் அருகே நின்று செய்து பழகுகின்றனர். இப்பயிற்சியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கைத்திறனையே கருதுவர். அதற்கு முன்னதாக வேண்டப்படும் மொழித்திறனை இவ்வுரையில் ஆராய்வோம்.

தமிழ்மண்ணுக்கு இப்பயிற்சி புதியதன்று. சென்னையில் 1844இல் பேறுகால மருத்துவமனை நிறுவப்பட்டது. 1854இல் அங்கு மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்கு 1847இல் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்ததோடு, பேறுகால மருத்துவ நூலொன்றைப் 'பிரசவ வைத்தியம்' என்னும் பெயரில் 1857இல் தமிழில் வெளியிட்டார். பின்னர் 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். நோயாளி பேசும் மொழியில் மருத்துவன் சிந்திக்க வேண்டும் என்பதற்கு அவர் பணி சான்றாகும்.

செய்திறன் கற்பிப்பதற்குப் பெய்ட்டன் என்பார் 1998இல் நான்கு படிகளை வகுத்தார். முதலில், ஆசிரியர் பேசாது இயல்பான வேகத்தில் செய்து காட்டுவார். அடுத்து, ஒவ்வொரு செயலையும் விளக்கிக்கொண்டே செய்வார். மூன்றாவதாக, மாணவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வார். இறுதியில், மாணவரே சொல்லிக்கொண்டு செய்வார். இந்நான்கில் மூன்று படிகள் சொல்லோடு கூடியவை என்பதை நோக்குக. ஆயினும், அச்சொற்கள் ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே நிகழ்வன. தாயின் சொல்லுக்கு அங்கு இடமில்லை.

தாயின் சொல்லைப் பிழைபடக் கொண்டால் என்ன நேரும்? இரண்டு எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

கருவுற்றவளை 'முழுகாமல் இருக்கிறாள்' என்பது நம் வழக்கு. தலைமுழுகுதல் என்பது மாதவிலக்கு முடிந்து நீராடுதல். பயிற்சி பெறும் மாணவி, 'கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தீர்கள்?' என்று கேட்டால், தாய் நீராடிய நாளையே கூறுவாள். மருத்துவக் கணக்கோ உதிரம் கண்ட முதல் நாளிலிருந்து 280 நாள்களை எண்ணுவது. நீராடல் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ ஆயின், பேற்று நாளும் அவ்வளவு தள்ளிப்போகும். தொடக்கத்திலேயே ஸ்கேன் எடுத்தவர்க்கு இப்பிழை திருத்தப்படும். காலந்தாழ்த்தி வருபவர்க்கு இந்த நாள் கணக்கே முதன்மையான சான்று. நாள் கடந்த கருவுக்கு நோவைத் தூண்டுவதா, காத்திருப்பதா என முடிவு செய்கையில் நான்கு நாள் சிறிதன்று.

மற்றொன்று 'சூட்டு வலி'. உடற்சூட்டால் வருவதாகக் கருதப்படும் பொய்வலியை இச்சொல் குறிக்கும். சீரகத் தண்ணீர் குடித்துப் படுத்தால் தணியும் என்பர். தணியாமல் சீராக வலுத்து வரும் நோவையும் தாய் இச்சொல்லாலேயே குறிக்கக்கூடும். 'சூட்டு வலிதான்' என்பது அவள் தரும் விளக்கம், நோய்க்குறியன்று. ஆகவே எத்தனை நிமிடத்திற்கு ஒருமுறை வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, பனிக்குடம் உடைந்ததா, குழந்தை அசைகிறதா என்று மாணவி தொடர்ந்து வினவ வேண்டும்.

கேமரன் மலையின் கோலா தெர்லா போன்ற தேயிலைத் தோட்டப் பகுதிகளுக்கு இது மிகவும் பொருந்தும். மருத்துவமனை இருப்பது தானா ராத்தாவில். இடையில் வளைந்து செல்லும் மலைப்பாதை. சூட்டு வலி என வீட்டில் கழித்த ஒவ்வொரு மணி நேரமும் பாதையில் குறைகிறது. மேலும், மலேசியச் செவிலியர் பயிற்சி மலாயிலும் ஆங்கிலத்திலும் நடைபெறுகிறது. தமிழ் மாணவியேயாயினும் 'கருப்பைவாய்', 'நச்சுக்கொடி' முதலியவற்றை அம்மொழிகளிலேயே கற்றிருப்பாள். தோட்டத்து மூதாட்டியர் வழங்கும் சொற்களை அறிந்திருப்பாள் என்பதற்கு உறுதியில்லை.

ஆதலின் வழிகாட்டும் மூத்த மருத்துவச்சிக்கு மூன்று கடமைகளை முன்வைக்கிறோம். முதலாவது, தாய் கூறியதை மாணவி அவள் சொற்களிலேயே முதலில் குறித்து, அதன்பின் மருத்துவச் சொல்லாக மாற்றும்படி பழக்குதல். இரண்டாவது, வினாக்களை இருபொருட்கு இடமின்றி அமைக்கக் கற்பித்தல்: 'குளித்த நாள்' என்னாது 'உதிரம் பட்ட முதல் நாள்' எனக் கேட்பது போல. மூன்றாவது, மாணவியின் பிழையைத் தாயின் முன்னிலையில் சுட்டாது, அறைக்கு வெளியே அன்றைக்கே எடுத்துரைத்தல். உடனிருப்போர் முன் நாணமுற்ற மாணவி மறுமுறை வினவ அஞ்சுவாள்; வினவாத வினா தாய்க்கும் சேய்க்கும் கேடாக முடியும்.

தமிழாசிரியர்க்கும் இதில் பங்குண்டு. தத்தம் ஊரில் பேறுகாலம் பற்றி வழங்கும் சொற்களை மாணவரைக் கொண்டு முதியோரிடம் கேட்டுத் தொகுத்து, பொருள் விளக்கத்துடன் அருகிலுள்ள மருத்துவமனைக்கு அளிக்கலாம். சொல்லாய்வு நேரே உயிர்காக்கும் பணிக்குப் பயன்படும் வாய்ப்பு அரிது. அத்தகைய வாய்ப்பு இங்கு உண்டு. அம்முதியோர் நம்மிடையே இருக்கும்போதே தொகுப்பைத் தொடங்குவோம்.