ஒரு சொல்லில் ஓர் ஊழியரை அளக்கலாமா?

ஆலையாயினும் அலுவலகமாயினும், ஆண்டுக்கு ஒருமுறை மேலதிகாரி ஒரு படிவத்தை முன்வைத்து அமர்கிறார். தம்கீழ்ப் பணிபுரிபவரின் அறிவு, உழைப்பு, ஒழுங்கு, நேர்மை ஆகியவற்றை எடைபோட்டு, 'சுமார்', 'நன்று', 'மிக நன்று' என்று எழுதிக் கையொப்பமிடுகிறார். அவருக்கு அது சில நிமிட வேலை. ஆனால், அந்த ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் வருவாயும், பிள்ளைகளின் படிப்பும், முதுமைக் காலத்து ஓய்வூதியமும் அடங்கியிருக்கின்றன அன்றோ?

'நன்று' செய்த தீங்கு

எல்லைப்புறச் சாலைகளை அமைக்கும் மத்திய அரசுத் துறையில் செயற்பொறியாளராக இருந்த ஒருவரின் வழக்கு இதற்குத் தக்க சான்றாகும். பதவி உயர்வுக்கு ஐந்தாண்டு அறிக்கைகளிலும் 'மிக நன்று' என்ற மதிப்பீடு வேண்டும் என்பது அங்கு வழங்கிய விதி. அவருடைய 1993-94ஆம் ஆண்டு அறிக்கையிலோ 'நன்று' என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது. பாதகமான குறிப்பை மட்டும் ஊழியருக்குத் தெரிவித்தால் போதும் என்பது அக்கால வழக்கம். பாராட்டுப்போல் தோன்றும் 'நன்று' என்ற சொல்லை அவரிடம் எவரும் காட்டவில்லை. அச்சொல்லே அவருடைய உயர்வுக்குத் தடையாயிற்று.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மதிப்பீடு எதுவாயினும் அதை ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும். அதைத் திருத்தக் கோரும் வாய்ப்பையும் அளிக்க வேண்டும் என்று 2008 மே மாதத்தில் தீர்ப்பு வந்தது. அதற்குள் அவர் பணி ஓய்வே பெற்றுவிட்டார். 2009இல் மத்திய அரசு இரகசிய அறிக்கை முறையை மாற்றி, முழு மதிப்பீட்டையும் ஊழியரிடம் காட்டவும், அவர் மறுப்புரை அளிக்க 15 நாள் தரவும் ஆணையிட்டது.

கண்ணை மறைக்கும் ஒளிவட்டம்

மேலதிகாரி தீய எண்ணம் உடையவராக இருக்கவேண்டியதில்லை. நல்லவரும் தவறாக அளப்பதுண்டு. அமெரிக்க உளநூல் அறிஞர் எட்வர்ட் தார்ண்டைக் இதனை 1920இல் எடுத்துக்காட்டினார். இராணுவ அதிகாரிகள் தம் வீரர்களுக்கு அளித்த மதிப்பீடுகளை அவர் ஆராய்ந்தார். உடற்கட்டில் உயர்வாக மதிக்கப்பட்டவரே அறிவிலும், தலைமைப் பண்பிலும், ஒழுக்கத்திலும் உயர்வாக மதிக்கப்பட்டிருக்கக் கண்டார். புனிதர் படங்களில் தலையைச் சூழ்ந்து வரையப்படும் ஒளிவட்டத்தின் பெயரையே இப்பிழைக்குச் சூட்டினர். ஒரு சிறப்பின் ஒளி மற்றக் குறைகளை மறைக்கிறது. அவ்வாறே ஒரு குறையின் நிழல் பல சிறப்புகளை மூடிவிடுகிறது.

பதினொரு மாத உழைப்பை மறந்து, கடைசி மாதத் தவறொன்றை நினைவில் கொள்வதும் பிழையே. வம்பு வேண்டாம் என்றெண்ணி அனைவருக்கும் நடுத்தர மதிப்பெண் இடுவதும் பிழையே.

நேரிய வழி யாது?

ஜான் ஃபிளானகன் என்னும் அறிஞர் 1954இல் ஒரு வழியை விளக்கினார். 'பொறுப்பற்றவர்' போன்ற பொதுச் சொற்களை விடுத்து, கண்ணால் கண்ட செயலைக் குறிப்பதே அவ்வழி. 'இரவுப் பணியில் இயந்திரம் நின்றபோது, எவரும் ஏவாமலே பழுதைக் கண்டு நீக்கினார்' என்று அன்றன்றே எழுதிவைத்தால், ஆண்டு முடிவில் ஊகத்திற்கு இடமிராது.

ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் நடந்த ஆய்வொன்று 1965இல் வெளியாயிற்று. ஆண்டுக்கொருமுறை குறைகளை அடுக்கிக் கூறுவதால் ஊழியர் திருந்துவதில்லை. தம்மைக் காத்துக்கொள்ளவே முனைகின்றனர் என்று அது கண்டது. இன்ன காலத்திற்குள் இன்ன வேலையை முடிப்பது என்று இருவரும் அமர்ந்து பேசி முடிவுசெய்தபோதே முன்னேற்றம் தெரிந்தது. ஊதிய உயர்வைப் பற்றிய பேச்சையும் திருத்தத்தைப் பற்றிய பேச்சையும் ஒன்றாகக் கலக்கலாகாது எனவும் அது அறிவுறுத்தியது.

வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்தார். ஆளை ஆராய்ந்து அறிவதும், அறிந்தபின் அவரை நம்பிப் பணியை ஒப்படைப்பதும் தலைவனின் கடமைகள்.

எனவே, பிறரை மதிப்பிடும் பொறுப்பில் இருப்போர் கையொப்பமிடுமுன் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும்: 'இதனை அவர் முகத்திற்கு நேரே, தக்க சான்றோடு என்னால் சொல்ல முடியுமா?' முடியாதெனில், அச்சொல்லை எழுதாதிருப்பதே நீதி. மதிப்பிடப்படுவோரும் தாம் செய்த பணிகளை நாட்குறிப்பில் பதிந்துவைப்பார்களாக. ஆண்டு முடிவில் அந்த ஏடு அவர்களுக்காகப் பேசும்.