டிரா போக்கர்: திறமை இருந்தும் காசு ஏன் போகிறது?

காஸ்டிக் சோடா ஆலையும் உப்பளமும்தான் சாகுபுரம் என்ற ஊரின் பிழைப்பு. மழைக்காலத்தில் வேலையற்ற உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 5,000 ரூபாய். அந்தத் தொகையை ஒரே இரவில் விழுங்கிவிடக்கூடியது ஆன்லைன் சீட்டாட்டம். ரம்மியைப் பலருக்குத் தெரியும். போக்கரை, அதிலும் டிரா போக்கரை, அவ்வளவாகத் தெரியாது.

ஆளுக்கு ஐந்து சீட்டு. முதல் சுற்றுப் பந்தயம் முடிந்ததும் வேண்டாத சீட்டுகளைப் போட்டுவிட்டு, அதே எண்ணிக்கையில் புதுச்சீட்டு எடுக்கலாம். பிறகு இன்னொரு பந்தயம். கடைசியில் கையைக் காட்ட வேண்டும். எதிராளியின் சீட்டு ஒன்றுகூடத் தெரியாது. அவர் எத்தனை சீட்டு மாற்றினார், எவ்வளவு கட்டினார் என்பதிலிருந்து ஊகிப்பதுதான் ஆட்டம்.

52 சீட்டில் வரக்கூடிய ஐந்து சீட்டுக் கைகள் 25,98,960. அவற்றில் ஏறக்குறைய பாதிக்கு ஒரு ஜோடிகூடச் சேராது. நாலு ஆட்டின் (ஹார்ட்) சீட்டு கையில் இருக்கிறது, ஐந்தாவதுக்காக ஒரு சீட்டு எடுக்கிறீர்கள் என்றால், கண்ணில் படாத 47 சீட்டில் உதவுபவை ஒன்பது மட்டுமே. ஐந்து தடவை எடுத்தால் ஏறக்குறைய ஒரு தடவைதான் கிடைக்கும். இந்தக் கணக்கு தெரிந்தவர் உரிய நேரத்தில் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்குவார். திறமை என்பது இதுதான், அது உண்மையானதும்கூட.

டோர்னமென்ட்டில் நுழைவுக்கட்டணம் கட்டினால் எல்லோருக்கும் ஒரே அளவு சிப் (பந்தய வில்லை) கிடைக்கும். நேரம் ஆக ஆகக் கட்டாயப் பந்தயம் ஏறும். நல்ல சீட்டுக்காகப் பொறுத்திருப்பவரின் சிப்பும் கரையும். போனால் கட்டணத்தோடு போகட்டும் என்று நினைத்து நுழைகிறவரை, மறுபடி கட்டணம் கட்டி உள்ளே வரும் வசதி இழுக்கிறது. பெரும்பாலானவர்கள் வெறுங்கையோடுதான் வெளியேறுவார்கள். யார் தோற்றாலும் நடத்தும் நிறுவனம் தன் பங்கை முன்கூட்டியே எடுத்துக்கொண்டுவிடும்.

தமிழகத்தில் வழக்குகள் சுற்றியதெல்லாம் ஒரே கேள்வியைத்தான்: இது திறமையா, அதிர்ஷ்டமா? 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலத்தின் ஆன்லைன் ஆட்டத் தடைச் சட்டத்தை ரத்து செய்தது. இதை ஆராய அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் புதுச் சட்டம் வந்தது. 2023 நவம்பரில் அந்தச் சட்டம் செல்லும் என்ற நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் சூதாட்டப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2025 பிப்ரவரி விதிகள் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை பண ஆட்டத்தை நிறுத்தின.

2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த மத்தியச் சட்டம் அந்தக் கேள்வியையே விட்டுவிட்டது. திறமையோ அதிர்ஷ்டமோ, ஆன்லைனில் பணம் கட்டி ஆடவைப்பது குற்றம்; மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். அதை எதிர்க்கும் வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. இந்தத் திசை சரியானது என்றே நினைக்கிறேன். ஆட்டத்தில் திறமை இருக்கிறது என்பதால் சம்பளப் பணத்துக்குப் பாதுகாப்பு வந்துவிடாது.

ஆடுகிறவருக்கு இந்தச் சட்டத்தில் தண்டனை கிடையாது. ஆகவே பணத்தை இழந்தவர்கள் பயந்து ஒளிக்க வேண்டாம். மோசடி என்றால் உடனே 1930 என்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். ஆட்டத்தை விடமுடியாமல் தவித்தால் 14416-ல் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் வீட்டாரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.